வலையமைப்பு நிரல்களில் பழைய நினைவகத் தரவுக் கசிவு: வரலாறும் திருத்தங்களும்

கணினியின் நினைவகத்தில் முன்பு ஒரு வேலைக்காக எழுதப்பட்டு, அழிக்கப்படாமல் தங்கிவிட்ட தரவு, வேறொரு வேலைக்கான செய்தியோடு ஒட்டிக்கொண்டு வெளியே செல்வதே பழைய நினைவகத் தரவுக் கசிவு எனப்படும். நிரலாளர் ஓர் இடத்துக்குத் தொடக்க மதிப்பு எழுதாமல் விடுவதால் இது நேர்கிறது. இயக்குதளத்தின் வலையமைப்புப் பகுதியில் இப்பிழை இருந்தால், கசியும் தரவு கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அடுத்த கணினியைச் சென்றடையும். 2003ஆம் ஆண்டில் உலகின் கவனத்துக்கு வந்த இச்சிக்கலுக்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தங்கள் எழுதப்பட்டு வருகின்றன. 2011இல் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்துக்கும், அம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்கும் இவ்வரலாறு நேரடியாகப் பொருந்துவதாகும்.

பெயர்க் குழப்பம்

நினைவகக் கசிவு என்ற சொல் இரு வேறு பிழைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. முதலாவது, ஒரு நிரல் நினைவகத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, வேலை முடிந்தபின் திருப்பித் தராமல் இருப்பது. இதனால் கணினி மெல்ல மெல்லத் தளர்ந்து, இறுதியில் நின்றுவிடலாம். இரண்டாவது, நினைவகத்தில் உள்ள தகவல் வெளியே போவது. இதில் கணினி தளர்வதில்லை. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றுவதில்லை. ஆதலால் இப்பிழை பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருக்க முடிகிறது. இக்கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முதல் மாணவர் சிலேட்டு முழுவதும் எழுதுகிறார். அதைத் துடைக்காமல் இரண்டாம் மாணவர் வாங்கி, மேல் பாதியில் மட்டும் தம் விடையை எழுதி ஆசிரியரிடம் நீட்டுகிறார். ஆசிரியர் கண்ணில் கீழ்ப் பாதியில் உள்ள முதல் மாணவரின் எழுத்தும் படுகிறது. இரண்டாம் மாணவர் எதையும் திருடவில்லை, பொய்யும் எழுதவில்லை. துடைக்கவில்லை என்பது ஒன்றே குற்றம். சி மொழியில் எழுதப்பட்ட இயக்குதளங்களில் நினைவகம் இந்தச் சிலேட்டைப் போன்றது. துடைக்கும் பொறுப்பு நிரலாளருடையது.

ஈதர்நெட் சட்டகமும் நிரப்பு பைட்டுகளும்

அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையில், தரவு சட்டகம் என்னும் சிறு பொட்டலமாக அனுப்பப்படுகிறது. ஒரு சட்டகம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட தொடக்கக் காலத்தில், இரு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வதை அனுப்பும் கணினி கண்டறிய இந்தக் குறைந்தபட்ச நீளம் தேவைப்பட்டது. பெறுநர் முகவரிக்கு 6, அனுப்புநர் முகவரிக்கு 6, வகைக் குறியீட்டுக்கு 2, பிழை சரிபார்ப்புக்கு 4 என 18 பைட்டுகள் போக, உள்ளே வைக்கும் தரவு குறைந்தது 46 பைட்டாக இருக்க வேண்டும்.

எல்லாச் செய்திகளும் 46 பைட் நீளம் உடையவை அல்ல. வலையமைப்பில் ஒரு கணினியின் வன்பொருள் முகவரியைக் கேட்கும் ஏ.ஆர்.பி. செய்தி 28 பைட் மட்டுமே. எஞ்சிய 18 பைட்டுகளை ஏதாவது கொண்டு நிரப்பியாக வேண்டும். மறுமுனை உயிருடன் இருக்கிறதா என்று பார்க்கும் பிங் செய்தியில் ஒரே ஒரு பைட் தரவு வைத்தால், தலைப்புகளுடன் சேர்த்து 29 பைட் வரும். அப்போது நிரப்ப வேண்டியது 17 பைட்.

எதைக் கொண்டு நிரப்புவது என்பதில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. ஈதர்நெட்டில் இணைய நெறிமுறையை அனுப்புவது பற்றி 1984இல் வெளியான ஆர்.எஃப்.சி. 894 ஆவணம், சுழியங்களைக் கொண்டு நிரப்பும்படி கூறியது. 1988இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1042 ஆவணமும் அதையே கூறியது. விதி தெளிவாக இருந்தும், வலையமைப்பு அட்டைகளுக்கான இயக்கி நிரல்கள் பலவற்றில் அது பின்பற்றப்படவில்லை.

2003: ஈதர்லீக்

2003 சனவரியில் அட்ஸ்டேக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஓஃபிர் ஆர்கின், ஜாஷ் ஆண்டர்சன் ஆகிய இருவரும் ஈதர்லீக் என்ற பெயரில் ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டனர். ஒரு கணினிக்குச் சிறிய பிங் செய்திகளை அனுப்பி, திரும்பி வரும் விடைகளின் வால் பகுதியைப் பார்த்தபோது, அங்கே சுழியங்களுக்குப் பதிலாக அக்கணினியின் நினைவகத் துணுக்குகள் இருந்தன. முன்பு சென்ற வேறு பொட்டலங்களின் பகுதிகளும் அவற்றில் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் காட்டினர். உலகளாவிய வழுப் பட்டியலில் இப்பிழைக்கு அவ்வாண்டின் முதல் எண் கிடைத்தது: சி.வி.இ.-2003-0001.

கசிவு தோன்றும் இடங்களை அறிக்கை மூன்றாகப் பிரித்தது. கருனி (கர்னல்) பொட்டலத்துக்காக ஒதுக்கும் இடையகம் முதலாவது. இயக்கி நிரல் தனக்கென நிலையாக வைத்துக்கொள்ளும் இடையகம் இரண்டாவது. வலையமைப்பு அட்டையினுள்ளேயே இருக்கும் நினைவகம் மூன்றாவது.

தவறு பரவிய விதம் கவனிக்கத்தக்கது. இயக்கிகள் பலவற்றில், பொட்டலத்தின் நீளம் 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் நீளத்தை 60 என்று வைத்துக்கொள் என்ற பொருளுடைய ஒரு வரி இருந்தது. சரிபார்ப்புக்கான 4 பைட்டை வன்பொருள் தானே சேர்ப்பதால் 60 என்ற கணக்கு சரியானதே. ஆனால் அந்த வரி நீளத்தை மட்டும் கூட்டியது. கூட்டிய இடத்தில் சுழியம் எழுதவில்லை. புதிய இயக்கி எழுதுவோர் பழைய இயக்கியைப் பார்த்து எழுதுவது வழக்கம் என்பதால், ஒரு வரியின் குறை பல நிரல்களுக்கும் சென்றது.

இக்கசிவுக்கு ஓர் எல்லை உண்டு. நிரப்பு பைட்டுகள் ஈதர்நெட் சட்டகத்தைச் சேர்ந்தவை. திசைவி ஒரு பொட்டலத்தை அடுத்த வலையமைப்புக்கு மாற்றும்போது அவை விலக்கப்படுகின்றன. ஆகவே தொலைதூரத்தில் இருப்பவர் இதைப் பார்க்க முடியாது. அதே கம்பி வலையில் இணைந்திருப்பவருக்கே இது தெரியும்.

லினக்ஸ் இயக்குதளத்தில் ஆலன் காக்ஸ் இதற்கான திருத்தத்தை எழுதினார். பொட்டலம் குட்டையாக இருந்தால் தேவையான நீளம் வரை சுழியங்களை எழுதித் தரும் பொதுச் செயற்கூறு ஒன்று கருனியில் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் இயக்கியும் அனுப்புவதற்கு முன் அதை அழைத்தால் போதும். இயக்கிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன.

கட்டமைப்புகளின் இடைவெளிகள்

ஈதர்லீக் திருத்தம் சட்டகத்தின் வாலைச் சரிசெய்தது. அதே பிழையின் வேறொரு வடிவம் கருனியினுள் இருந்தது. சி மொழியில் பல மாறிகளை ஒன்றாகக் கட்டி ஒரு கட்டமைப்பாக வைப்பர். ஒரு பைட் நீளமுள்ள மாறியை அடுத்து 4 பைட் நீளமுள்ள மாறி வந்தால், இரண்டாவதைச் சரியான எல்லையில் வைப்பதற்காகத் தொகுப்பி இடையில் 3 பைட் வெற்றிடம் விடும். நிரலாளர் இரு மாறிகளுக்கும் மதிப்பு எழுதிவிடுகிறார். வெற்றிடம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டமைப்பு முழுவதையும் பயனர் நிரலுக்கு நகலெடுத்துக் கொடுக்கும்போது அந்த 3 பைட்டில் இருந்த பழைய தரவும் சேர்ந்து போகிறது.

2010இல் டான் ரோசன்பர்க் என்பவர், லினக்ஸின் வலையமைப்பு இயக்கிகள் மூன்றில் கருனி அடுக்கின் பழைய தரவு பயனர் நிரலுக்குச் செல்வதைக் கண்டறிந்து திருத்தங்களை அனுப்பினார். மூன்றிலும் மருந்து ஒன்றே: கட்டமைப்பை நிரப்புவதற்கு முன் அதன் முழு நீளத்துக்கும் சுழியம் எழுதுவது.

2013 ஏப்ரலில் மத்தியாஸ் கிராவுசே ஒரு திருத்தத் தொகுப்பை அனுப்பினார். வலையமைப்பிலிருந்து செய்தியைப் பெறும் நிரல், அனுப்பியவரின் முகவரியையும் கேட்கலாம். நெறிமுறைகள் பலவற்றில் முகவரியை நிரப்பும் பகுதி அதை முழுதாக நிரப்பாமலோ, நிரப்பாமலேயே நீளத்தை மட்டும் அறிவித்தோ வந்தது. ஏ.எக்ஸ்.25, புளூடூத், ரோஸ், நெட்ராம், டிப்க் முதலிய நெறிமுறைகளில் இக்குறை தனித்தனியே திருத்தப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் ஹான்னஸ் ஃபிரெடரிக் சோவா வேறு வழியைக் கையாண்டார். ஒவ்வொரு நெறிமுறையும் தன் கடமையை நினைவில் வைத்துச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டு, முகவரியின் நீளம் தொடக்கத்திலேயே சுழியம் என்று மையப் பகுதியே வைத்துவிடும்படி அமைப்பை மாற்றினார். நெறிமுறை முகவரியை உண்மையில் எழுதினால் மட்டுமே நீளம் கூடும். எழுத மறந்தால் எதுவும் வெளியே போகாது. மறதியின் விளைவைக் கசிவிலிருந்து வெறுமைக்கு மாற்றிய இத்திருத்தம், பின்வந்த முறைகளுக்கு முன்மாதிரி எனலாம்.

சில பைட்டுகளால் என்ன கெடும்?

கசிவது சில பைட்டுகளே என்பதால் இதைச் சிறு குறையாகக் கருதியோர் உண்டு. 2014இல் வெளியான லினக்ஸ் 3.14 பதிப்பு முதல், கணினி தொடங்கும்போது கருனியை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைக்கும் பாதுகாப்பு முறை வந்தது. தாக்குபவருக்கு இடம் தெரியாவிட்டால் தாக்குவது கடினம். ஆனால் கசியும் 8 பைட்டில் கருனியின் முகவரி ஒன்று இருந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும்.

2020 அக்டோபரில் கூகுள் நிறுவனத்தின் ஆண்டி நுயென் இதை மெய்ப்பித்தார். லினக்ஸின் புளூடூத் நிரலில் அவர் கண்டறிந்த பிழைகளுள் ஒன்று, முழுதாக மதிப்பு எழுதப்படாத ஒரு கட்டமைப்பு விடையாக அனுப்பப்படுவது. இதன் எண் சி.வி.இ.-2020-12352. அருகில் இருக்கும் ஒருவர் கடவுச்சொல் எதுவும் இன்றி, காற்று வழியாகவே கருனி அடுக்கின் பழைய தரவைப் பெற முடிந்தது. அதில் கிடைத்த முகவரிகளை மற்றொரு பிழையோடு சேர்த்து, அக்கணினியில் தம் கட்டளைகளையே ஓடச் செய்தார். உரியவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இக்கசிவுக்கான திருத்தமும் கட்டமைப்பைச் சுழியமாக்குவதே.

கண்டறியும் கருவிகள்

கண்ணால் படித்துக் கண்டறிவது போதாது என்பது விரைவில் விளங்கியது. வெகார்ட் நோசும் உருவாக்கிய கே-மெம்செக் என்ற கருவி 2009இல் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. எழுதப்படாத இடத்தைப் படிக்கும்போது அது எச்சரித்தது. மிகவும் மெதுவாக இயங்கியதால் பின்னர் நீக்கப்பட்டது. கூகுளின் டிமித்ரி வியுகோவ் தொடங்கிய சிஸ்காலர், கருனிக்கு எண்ணற்ற அழைப்புகளை மாற்றி மாற்றி அனுப்பிப் பிழைகளை வெளிக்கொணர்ந்தது. அலெக்சாண்டர் பொட்டபென்கோ முன்னின்று உருவாக்கிய கே-எம்சான், நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டும் எழுதப்பட்டதா இல்லையா என்று குறித்துவைத்து, எழுதப்படாதது வலையமைப்புக்கோ பயனருக்கோ செல்லும் கணத்தில் அறிவிக்கிறது. இது 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் இணைந்தது. எழுதப்படாத மாறியைப் படிக்கவே இயல்பாக இடம் தராத ரஸ்ட் மொழிக்கான தொடக்க ஆதரவும் அதே பதிப்பில்தான் வந்தது.

இன்னொரு வழி, பிழையைத் தேடாமலே அதன் விளைவைத் தடுப்பது. ஒதுக்கும்போதே நினைவகத்தைச் சுழியமாக்கும் வசதி 2019இல் லினக்ஸ் 5.3 பதிப்பில் கிடைத்தது. அடுக்கில் உள்ள மாறிகளைத் தானே சுழியமாக்கும் வசதி கிளாங் தொகுப்பியிலும், பின்னர் 2022இல் ஜி.சி.சி. 12 பதிப்பிலும் சேர்ந்தது. இதனால் கணினியின் வேகம் சிறிது குறையலாம். எனினும் மறதிக்கு எதிரான காப்பாக இது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

திருவள்ளூரும் மடிக்கணினிகளும்

தமிழ்நாட்டில் லினக்ஸ் பொதுமக்கள் கைக்குச் சென்ற பெரிய நிகழ்வு இலவச மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களில் படித்த மேனிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பயன்பெற்றனர். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அம்மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வைக்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது. தமிழ் இடைமுகமும் உடையது.

இங்கே ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2011இல் நிறுவப்பட்ட எந்த லினக்ஸ் கருனியிலும் 2013ஆம் ஆண்டின் திருத்தங்கள் இருக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் புளூடூத் திருத்தமும் அவ்வாறே. இற்றைப்படுத்தினால் மட்டுமே அவை வந்து சேரும். இணைய இணைப்பு இல்லாத வீட்டில், இற்றைப்படுத்துவது எப்படி என்று சொல்லித்தர ஒருவரும் இல்லாத நிலையில், திருத்தம் எழுதப்பட்டிருந்தும் அந்த மாணவரின் கணினியில் அது இல்லை. கணினியை வழங்குவதோடு அதைப் பேணும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

கும்மிடிப்பூண்டியும் ஆலை வலையமைப்புகளும்

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலும் கூடூர் செல்லும் இருப்புப்பாதையிலும் அமைந்த கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. எஃகு உருக்காலைகளும் உருட்டாலைகளும் பிற உற்பத்திச் சாலைகளும் இங்கு இயங்குகின்றன. இன்றைய ஆலைகளில் உலை வெப்பத்தையும் மோட்டார் வேகத்தையும் கட்டுப்படுத்துபவை பி.எல்.சி. எனப்படும் கருவிகள். பழைய தொடர்முனைக் கருவிகளை ஈதர்நெட்டுடன் இணைக்க மாற்றிப் பெட்டிகளும் பயன்படுகின்றன. இவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறிய இயக்குதளமும் வலையமைப்பு நிரலும் உண்டு.

ஈதர்லீக் பிழை இத்தகைய கருவிகளில் நெடுங்காலம் தங்கியது. மோக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் 5110 வரிசை மாற்றிப் பெட்டிகளில் ஈதர்நெட் நிரப்பு பைட்டுகளின் வழியே தகவல் கசிவதாக 2017 நவம்பரில் அமெரிக்கத் தொழிற்கட்டுப்பாட்டுப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. ஆர்.எஃப்.சி. 894 வெளியாகி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021 சனவரியில் பாலோ ஆல்ட்டோ நிறுவனம் தன் தீத்தடுப்புச் சுவர்க் கருவிகள் சிலவற்றிலும் இதே குறை இருப்பதை அறிவித்துத் திருத்தியது. வலையமைப்பைக் காப்பதற்கென்று வாங்கப்படும் கருவியிலேயே இக்குறை இருந்தது குறிப்பிடத்தக்கது.

கசிவைக் காண அதே வலையில் இருக்க வேண்டும் என்ற எல்லை, ஆலையைப் பொறுத்தவரை பெரிய ஆறுதல் ஆகாது. பழுது பார்க்க வரும் வெளியாளின் மடிக்கணினி, ஒப்பந்த நிறுவனம் பொருத்தும் கண்காணிப்புக் கேமரா, கணக்குப் பிரிவின் கணினி ஆகிய யாவும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டால், அவற்றுள் எதுவும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் சட்டகங்களைப் பெறக்கூடும். அலுவலக வலையையும் கட்டுப்பாட்டு வலையையும் பிரித்துவைப்பதே இதற்கு எளிய காப்பு. அலுவலகக் கணினி சில ஆண்டுகளில் மாற்றப்படும். ஆலைக் கருவியோ பழுதாகும் வரை ஓடும். உற்பத்தியை நிறுத்தினால்தான் அதன் நிரலை மாற்ற முடியும் என்பதால் திருத்தம் தள்ளிப்போவதும் இயல்பே.

இந்திய அமைப்புகள்

இந்தியாவில் கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட்-இன் அமைப்பு 2004 முதல் இயங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் செய்த திருத்தம் 70பி பிரிவின்கீழ் அதற்குச் சட்டத் தகுதி அளித்தது. கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று அவ்வமைப்பு ஆணையிட்டது. மின்சாரம், போக்குவரத்து போன்ற இன்றியமையாத துறைகளின் கணினி அமைப்புகளைக் காக்க 2014இல் தனி மையம் ஏற்பட்டது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலி 2018இல் சில்லாக வெளிவந்து லினக்ஸை இயக்கியது. சி மொழி நிரல்களின் நினைவகப் பிழைகளை வன்பொருளே தடுக்கும் வகையில் அச்செயலியை விரிவாக்கும் ஆய்வு 2019இல் வெளியானது. எல்லை மீறிப் படிப்பதையும், விடுவித்த இடத்தை மீண்டும் பயன்படுத்துவதையும் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். தொடக்க மதிப்பு எழுதாத குறைக்குத் தொகுப்பியும் கருனியும் தரும் காப்பே இன்னும் முதன்மையானது.

திருத்தத்தின் இன்றைய நிலை

இப்பிழையைத் திருத்தும் நிரல் பெரும்பாலும் ஒரே வரி. அந்த வரி எங்கே இல்லை என்று கண்டறிவதற்கே இத்தனை ஆண்டுகளும் இத்தனை கருவிகளும் தேவைப்பட்டன. லினக்ஸின் அண்மைப் பதிப்புகளில் காப்பு அடிப்படையிலேயே அமைந்துவிட்டதால், புதிதாக எழுதப்படும் நிரலில் மறதி நேர்ந்தாலும் பெரும்பாலும் சுழியமே வெளியே போகும். பழைய கருனியுடன் ஓடும் மடிக்கணினிக்கும், ஆலையின் சுவரில் பொருத்தப்பட்ட பெட்டிக்கும் அந்தக் காப்பு தானாக வருவதில்லை. ஆலையில் உள்ள கருவிகளின் பெயர், நிரல் பதிப்பு, கடைசியாக இற்றைப்படுத்திய நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, ஆண்டுப் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தும் நாட்களில் திருத்தங்களை ஏற்றுவது எந்த ஆலையும் செய்யக்கூடிய பணியாகும். கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் வயர்ஷார்க் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, தம் வீட்டு வலையமைப்பில் வந்துசேரும் ஏ.ஆர்.பி. செய்திகளின் கடைசி 18 பைட்டுகளைத் தாமே பார்க்கலாம். அங்கே சுழியங்கள் மட்டும் இருந்தால், 1984ஆம் ஆண்டின் விதி அங்கு கடைப்பிடிக்கப்படுகிறது என்று அறியலாம்.